150 நாள் தண்ணீர்

ரொம்ப நாளா தூசி படிஞ்சு கிடக்குற பக்கம். இன்னிக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க மக்களே.

2024-ல ஃபால்அவுட் டிவி சீரியலா வந்துச்சு இல்லையா, அதைப் பார்த்துட்டு ஆளாளுக்குப் புது ஃபால்அவுட் ஆட ஆரம்பிச்சாங்க. நான் மட்டும் பின்னாடி போய், 1997-ல இன்டர்பிளே வெளியிட்ட முதல் ஃபால்அவுட்டை எடுத்தேன். ஹாஸ்டல்ல ஒரே கம்ப்யூட்டர், ஆறு பேர், முறை வச்சு ஆடின ஆட்டம். அப்போ நான் அதை முடிக்கவே இல்லை. காரணம் அந்தப் பாழாப்போன 150 நாள்.

தெரியாதவங்களுக்கு: அணுகுண்டுப் போரில் அழிஞ்சுபோன கலிஃபோர்னியா, வருஷம் 2161. பூமிக்கடியில வால்ட் 13-னு ஒரு பதுங்குகுழி. தலைமுறை தலைமுறையா ஜனங்க அதுக்குள்ளயே இருக்காங்க. தண்ணீர் மெஷினோட சிப் ரிப்பேர். புதுசு தேடி எடுத்துட்டு வான்னு உங்களை வெளிய அனுப்புறாங்க. கையிருப்புத் தண்ணீர் 150 நாளைக்குத்தான் வரும். அதுக்குள்ள சிப் வரலைன்னா ஆட்டம் குளோஸ்.

இந்த நாள் கணக்கு சும்மா பேச்சுக்கு இல்லை. ஊருவிட்டு ஊரு நடந்தா நாள் ஓடும். அடிபட்டு, குணமாகட்டும்னு படுத்தாலும் ஓடும். கையில கட்டியிருக்குற பிப்-பாய்ல இன்னும் எத்தனை நாள் பாக்கின்னு பார்த்துக்கலாம். அந்த வயசுல எனக்கு அது பெரிய இம்சை. ஊர் ஊரா மேயணும், எல்லார்கிட்டயும் வாய் கொடுக்கணும், எல்லா அலமாரியையும் குடையணும். இவன் எதுக்கு வாத்தியார் மாதிரி மணி பார்க்கிறான்னு கடுப்பு.

இப்போ திரும்ப ஆடினப்போதான் உறைச்சுது. ஆட்டத்தோட உயிரே அந்தக் கெடுதான். ஷேடி சாண்ட்ஸ்ல யாராவது உதவி கேட்டா, 'செய்யலாமா'ங்கிறதோட 'இவனுக்குச் செலவழிக்க எனக்கு நாள் இருக்கா'ங்கிறதும் கேள்வியாயிடுது. ஹப் என்கிற ஊர்ல தண்ணீர் வியாபாரிங்க இருக்காங்க. காசு கொடுத்தா வால்ட்டுக்குத் தண்ணி அனுப்பி 100 நாள் கூட்டிக்கொடுப்பாங்க. ஆனா அந்த வண்டித்தடம் வழியா வால்ட் இருக்குற இடம் எதிரிக்குச் சீக்கிரம் தெரிஞ்சுபோகும். காசு கொடுத்து வாங்கின நாளுக்கும் வேற கணக்குல வட்டி உண்டு.

இதுக்கு மேல 500 நாள் கெடு இன்னொண்ணும் முதல்ல இருந்துச்சு. ஆடினவங்க புலம்பவும், பேட்ச் போட்டு 13 வருஷமா நீட்டிட்டாங்க. அது சரியான முடிவுன்னு அப்போ நானும் கை தட்டியிருப்பேன். இப்போ மாட்டேன்.

இதையே 2015-ல வந்த ஃபால்அவுட் 4-ஓட வச்சுப் பாருங்க. உங்க கைக்குழந்தையைக் கடத்திட்டுப் போயிடுறான். பெத்த மனசு என்ன பாடுபடும்? நீங்களோ பயிர் வச்சு, வீடு கட்டி, சுவத்துக்குப் படம் மாட்டி நூறு மணி நேரம் ஓட்டலாம். கதை அதே இடத்துல உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்கும். ஆட சுகமா இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா அவசரம்னு வாயால சொல்லிட்டு, எதுவும் கெட்டுப்போகாதுன்னு உத்தரவாதம் கொடுக்குறது பொய்தானே?

அந்தப் பொய்யை நான் ஆட்டத்துக்கு வெளியேயும் நம்பினவன். 'ரெண்டே வருஷம்ப்பா, வந்துடுறேன்'னு சொல்லிட்டு வேலைக்குக் கிளம்பினேன். ரெண்டு ஒன்பதாச்சு. மாசாமாசம் பணம் மட்டும் தவறாம அனுப்பினேன், தண்ணீர் வியாபாரிக்குக் கொடுத்த மாதிரி. அப்பா வாசல் திண்ணையில அப்படியே உட்கார்ந்திருப்பார்னு நினைப்பு. நான் வந்து சேர்ந்தப்போ திண்ணை மட்டும் இருந்துச்சு.

'கெடு இருந்தா புதுசா ஆடுறவன் பயந்து ஓடிடுவானே'ன்னு கேக்கலாம். நானே ஓடினவன்தான் :-) ஆனா 150 நாள் தாராளம். இந்தத் தடவை நாப்பது நாள் மிச்சம் வச்சு சிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுக்கப்புறமும் கதை நீளுது. எல்லாத்தையும் முடிச்சுட்டு வால்ட் வாசல்ல வந்து நின்னா, தலைவர் நன்றி சொல்லிட்டு உள்ளே விட மறுக்குறார். வெளிய போனவன் மாறிட்டான், அவனைப் பார்த்து சின்னப் பசங்களும் கிளம்பிடுவாங்களாம். வீட்டைக் காப்பாத்தப் போனவனுக்கு வீடு இல்லை. ஹாஸ்டல்ல கூட இருந்தவன் இந்த இடத்துல கெட்ட வார்த்தையில திட்டினான். நான் இப்போ கம்ப்யூட்டரை அணைச்சுட்டு அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். மணி ராத்திரி பதினொண்ணரை, செமத்தியா திட்டு வாங்கினேன்.

டிஸ்கி: கால் நூற்றாண்டு தாண்டின ஆட்டத்துக்கு 'முடிவைச் சொல்லிட்டியே'ன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. வேணும்னா, நீங்க பாதியில விட்டுட்டு ஓடின பழைய ஆட்டம் எதுன்னு சொல்லிட்டுப் போங்க.