வளர்வதும் வீழ்வதும் தானாக நடப்பதில்லை

"காலம் கெட்டுப்போச்சு" என்று ஒரு பெரியவர் சொன்னால் திண்ணையில் இருக்கும் பாதிப் பேர் தலையாட்டுவார்கள். "அப்பல்லாம் பிரசவத்துக்கு மாட்டுவண்டி கட்டி காஞ்சிபுரம் போறதுக்குள்ள பாதி உசிரு போயிடும், இப்ப போன் பண்ணா 108 வருது" என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால் அதற்கும் அதே பாதிப் பேர் தலையாட்டுவார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஒருவர் தான் கண்டதை வைத்து "எல்லாம் அழிந்துகொண்டே போகும்" என்றும், மற்றவர் "எல்லாம் முன்னேறிக்கொண்டே போகும்" என்றும் முடிவு கட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இரண்டு முடிவுகளிலும் மனிதருக்கு வேலையே இல்லை. நடப்பது நம்மைக் கேட்காமல் நடக்கும் என்றே இரண்டும் சொல்கின்றன.

இந்த இரண்டு எண்ணங்களும் பழையவை. யுகத்துக்கு யுகம் அறம் தேய்கிறது என்ற கலியுகக் கணக்கு நமக்குத் தெரிந்ததுதான். ஐரோப்பாவில் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து அறிஞர் கோந்தோர்சே, மனித அறிவு தடையின்றி வளரும் என்று ஒரு நூல் எழுதினார். அதே புரட்சி அரசுக்குப் பயந்து ஒளிந்திருந்தபடி எழுதிய அவர் 1794-ல் சிறையில் இறந்தார். நூல் மறு ஆண்டு வெளிவந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்ற 1918-ல் ஸ்பெங்ளர் என்பவர், நாகரிகங்களும் உயிர்களைப் போலப் பிறந்து, வளர்ந்து, மூப்படைந்து மடிகின்றன என்று எழுதினார். நாகரிகம் ஓர் உடல் என்று வைத்துக்கொண்டால் அவர் சொன்னது பொருந்தும். ஆனால் நாகரிகம் ஓர் உடல் அல்ல. ஏரி, பள்ளி, தறி, கோயில், சட்டம், மருத்துவம், மொழி என்று பலவும் சேர்ந்தது அது. ஒன்று வளரும்போது இன்னொன்று தேயலாம். எனவே மொத்தமாக ஒரே தீர்ப்பு எழுத முடியாது. ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கக் கூரத்தை விட நல்ல இடம் கிடைப்பது அரிது. காஞ்சிபுரத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில் இருக்கும் இந்தச் சிற்றூர், வைணவர்களுக்குக் கூரத்தாழ்வான் பிறந்த ஊர். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள பல்லவர் காலத்துச் செப்புத் திருமேனியான கூரம் நடராஜர் இந்த ஊருக்கு உரியவர். வரலாறு படிப்பவர்களுக்குப் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு முக்கியம்.

ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதி அது. சாளுக்கியன் முதலாம் விக்கிரமாதித்தன் படையெடுத்து வந்தான். 674-ல் காவிரிக்கரையில் பாசறை அமைத்து அவன் வெளியிட்ட கத்வால் செப்பேடு, பல்லவனை வென்று காஞ்சியைப் பிடித்ததாகச் சொல்கிறது. கூரம் செப்பேடோ, பெரும்படையோடு வந்த விக்கிரமாதித்தன் கந்தல் ஒன்றை மட்டும் போர்த்திக்கொண்டு ஓடியதாகச் சொல்கிறது. காஞ்சி விழுந்ததும் உண்மை, பல்லவன் மீண்டதும் உண்மை. சாளுக்கியப் படை காஞ்சிக்குள் நின்ற நாட்களில் "நம் நாகரிகம் முடிந்தது" என்று ஒருவர் சொல்லியிருந்தால் மறுக்க ஆள் கிடைத்திருக்காது. ஆனால் அந்தப் பரமேசுவரவர்மனின் ஆட்சியில்தான் கூரத்தில் சிவனுக்குக் கற்கோயில் எழுந்தது. குகையைக் குடையாமல், கல்லை அடுக்கித் தமிழகத்தில் கட்டிய கோயில்களில் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. பின்புறம் வளைந்த தூங்கானை மாட அமைப்பு. பரமேசுவர தடாகம் என்ற ஏரியும், அதற்குப் பாலாற்றிலிருந்து நீர் கொண்டுவரப் பெரும்பிடுகு என்ற கால்வாயும் வெட்டப்பட்டன.

செப்பேட்டில் நாம் நின்று படிக்க வேண்டிய பகுதி போர் வெற்றி அல்ல, அதன் செலவுத் திட்டம். கொடையாக வந்த பரமேசுவரமங்கலம் என்ற ஊர் 25 பங்காகப் பிரிக்கப்பட்டது. மூன்று பங்கு கோயில் வழிபாட்டையும் பழுதுபார்ப்பையும் கவனிப்பவர்களுக்கு. ஒரு பங்கு கூரத்து மண்டபத்தில் தண்ணீரும் நெருப்பும் வைக்க. ஒரு பங்கு அந்த மண்டபத்தில் பாரதம் படிப்பவருக்கு. மீதி இருபது பங்கு நான்மறை கற்ற இருபது பேருக்கு. செக்கு, தறி, தரகு ஆகியவற்றின் வரவும் கணக்கில் வருகிறது. கோயிலைக் கட்டும்போதே அது ஒரு நாள் பழுதுபடும் என்று எண்ணி, பழுதுபார்க்கவும் வகை செய்துவிட்டார்கள். நிலைக்கும் என்று அவர்கள் சும்மா நம்பவில்லை.

இதே செப்பேட்டில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 25-ல் இருபது பங்கு போனது மறை கற்ற அந்தணர்களுக்கு. அந்த நிலத்தை உழுதவர்களும் தறியில் உட்கார்ந்தவர்களும் வரவைத் தந்தவர்களாகவே கணக்கில் நிற்கிறார்கள். இரண்டரை நூற்றாண்டு கழித்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட, ஊர்ச் சபைத் தேர்தல் முறையைச் சொல்லும் குடவோலைக் கல்வெட்டுகளைப் பெருமையோடு சொல்கிறோம். பெருமைப்படத் தக்கவைதான். ஆனால் குடவோலையில் பெயர் எழுத, வரி கட்டும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், 35 முதல் 70 வரை வயதும், மறைப் பயிற்சியும் வேண்டும். பெண்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் அங்கே இடமில்லை. ஒரு காலத்தைப் பொற்காலம் என்று சொல்லும்போது யாருக்குப் பொற்காலம் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்தக் கல்வெட்டின் மதிப்பு குறையாது. நம் கணக்குத்தான் நேராகும்.

இனி வீழ்ச்சியைப் பார்ப்போம். காஞ்சிபுரமும் சேர்ந்திருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர் 1767 முதல் 1774 வரை அங்கே ஊர் ஊராக எடுத்த கணக்கில், களத்தில் நெல் அளக்கும்போதே கோயில், கொல்லர், தச்சர், காவல், நீர்ப்பாசனம் என்று பங்குகள் ஒதுக்கப்பட்டது தெரிகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி நிலவரியை இறுக்க, ஊருக்குள் சுழன்ற அந்தப் பங்கு கருவூலத்துக்குப் போனது. ஏரி ஊருடையதாக இருந்தாலும் அதைத் தூர்வாரும் வரவு ஊரிடம் இல்லை. கடைசியில், ஊரார் சேர்ந்து ஏரியைப் பழுதுபார்க்கும் குடிமராமத்துக்கு ஆட்களைச் சட்டம் போட்டு இழுக்க வேண்டிய நிலை வந்தது. அதுவே 1858-ன் கட்டாய உழைப்புச் சட்டம். ஏரிகள் மூப்பு வந்து மடியவில்லை. அவற்றைக் காத்த ஏற்பாடு பறிபோனது, மண் மேடிட்டது. காரணம் தெரிகிற வீழ்ச்சியைத் தலைவிதி என்று சொல்ல முடியாது.

இங்கும் மறுபக்கம் உண்டு. நீர்க்கட்டி, கம்புகட்டி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் மடை திறப்பு வேலை பெரும்பாலும் தலித் மக்களின் தலையில் விழுந்தது. கரை உடையும் இரவில் முதலில் அழைக்கப்பட்டவர்களுக்கு ஏரிப் பாசன நிலத்தில் பங்கு அரிதாகவே இருந்தது. ஆகவே பழைய குடிமராமத்தை அப்படியே திரும்பக் கேட்பது நியாயம் ஆகாது. அதன் பராமரிப்பு வேண்டும், அதன் கட்டாயம் வேண்டாம்.

முன்னேற்றத்தையும் இதே நிதானத்தோடு பார்ப்போம். நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டு. இன்று அது 70-ஐ ஒட்டி இருக்கிறது. தமிழ்நாட்டில் 1971-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020-ல் அந்த எண் 13. 1951-ல் இங்கே ஐந்தில் ஒருவருக்கே எழுத்து தெரியும். 2011-ல் ஐந்தில் நால்வருக்குத் தெரிந்தது. இந்த எண்களுக்கு முன்னால் "அந்தக் காலமே மேல்" என்று சொல்வது, பிழைத்த குழந்தைகளின் தாய்மாரை மறப்பதாகும்.

ஆனால் இவையும் தானாக வரவில்லை. 1956-ல் காமராசர் தொடங்கி, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, கிராமம்தோறும் நடந்த செவிலியர்கள், தடுப்பூசி ஆகிய ஒவ்வொன்றின் பின்னாலும் போராடியவர்களும் பணம் ஒதுக்கியவர்களும் இருக்கிறார்கள். ஒதுக்குவது நின்றால் எண்கள் திரும்பும். சோவியத் ஒன்றியம் குலைந்தபோது ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள், 1980-களின் பிற்பகுதியில் 65 வரை இருந்து, 1994-ல் 58-க்கும் கீழே போனது. கோவிட் காலத்தில், 2019-க்கும் 2021-க்கும் இடையே, உலக மக்களின் சராசரி ஆயுள் 1.8 ஆண்டு குறைந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. கல்வியில் தமிழகம் அண்ணாந்து பார்த்த யாழ்ப்பாணத்தில், 1981-ல் ஒரே இரவில் பொது நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. நூலகம் மீண்டும் எழுந்தது. அந்தச் சுவடிகள் எழவில்லை.

ஏற்றமும் இழப்பும் ஒரே இடத்தில் சேர்ந்து நடப்பதைக் காண வேண்டுமானால் காஞ்சிபுரத்துத் தறிக்கு அருகில் போக வேண்டும். காஞ்சிப் பட்டின் பெயர் பெற்ற நுட்பம் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே ஊடையால் பிணைக்க வேண்டும். அதற்கு மூன்று நாடா ஓடும். நெய்பவரோடு, ஒரு பக்கக் கரைக்கு நாடா எறிந்து கொடுக்க இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். நெடுங்காலம் அந்த இடத்தில் உட்கார்ந்தது பெரும்பாலும் ஒரு சிறுவனோ சிறுமியோதான். வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளையின் பள்ளிப் பருவமே அடமானமான வீடுகள் உண்டு. கொத்தடிமை முறையை 1976-லேயே சட்டம் ஒழித்திருந்தும், பட்டுத்தொழிலில் குழந்தைகள் சிக்கியிருந்ததைப் பற்றி 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது.

பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். அது சந்தேகமே இல்லாத நன்மை. பெரியவர்களைக் கூலிக்கு வைத்தால் சேலையின் விலை ஏறும். வாங்குகிறவர் அதைத் தரத் தயாராக இல்லை. விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் கடையேறியது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிய 1985-ன் சட்டமும், 2005-ல் காஞ்சிப் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் இருந்தும், தறிகள் குறைந்தன. படித்த பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். இதைப் பார்த்து "கலை அழிகிறது" என்று ஒருவர் கலங்குவதும் சரி, "விடுதலை வந்தது" என்று மற்றவர் மகிழ்வதும் சரி. பிள்ளையின் உழைப்பில் நின்ற விலையை, பெரியவரின் நியாயமான கூலியில் நிறுத்த நம் சமூகம் இன்னும் முன்வரவில்லை என்பதே உண்மையான பிரச்சினை. கோர்வை அழிவதற்குப் பள்ளிக்கூடம் காரணமல்ல. கூலி காரணம்.

வளர்ச்சியின் விலையை இன்னொருவர் கொடுப்பது ஆற்றிலும் தெரியும். வேலூர்ப் பக்கம் பாலாற்றுக் கரையில் தோல் தொழில் பல்லாயிரம் பேருக்கு வேலை தந்தது, ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வருமானம் ஒருவருக்கும் செலவு இன்னொருவருக்கும் போகிற வளர்ச்சியை அந்தத் தீர்ப்பு அடையாளம் காட்டியது.

ஆகவே எந்த மாற்றத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேட்கலாம். இதனால் யாருக்கு நன்மை? இதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்? இது நீடிக்க என்ன ஒதுக்கியிருக்கிறோம்? காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரில் 5,000 ஏக்கருக்கு மேல் எடுத்து விமான நிலையம் அமைக்கும் திட்டம் 2022-ல் அறிவிக்கப்பட்டதிலிருந்து, அங்குள்ள ஏகனாபுரம் கிராம மக்கள் எதிர்த்து வருகிறார்கள். அவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்பதும், விமான நிலையம் கேட்பவர்களை நாகரிகத்தை அழிப்பவர்கள் என்பதும் விவாதத்தை மூடுகின்றன. அங்கே போகும் ஏரிகளின் நீர் இனி எங்கே தங்கும், நிலமற்ற கூலியாளுக்கு என்ன கிடைக்கும், சென்னைக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்று கேட்டால் விவாதம் திறக்கும். பதில் சொல்ல வேண்டிய கடமை திட்டம் கொண்டுவருபவருக்கே உண்டு.

நாகரிகம் வீழ்கிறதா என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடையாது. வீழ்ச்சி என்று நாம் காண்பவற்றில் பல, காக்கத் தவறியவை. முன்னேற்றம் என்று காண்பவற்றில் பல, போராடிப் பெற்றவை. இரண்டிலும் மனிதர் கை இருக்கிறது.

தமிழ்நாட்டில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். உங்கள் ஊர் ஏரிக்கும், பள்ளிக்கும், துணை சுகாதார நிலையத்துக்கும் இந்த ஆண்டு பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.