காற்றில் தொலையும் குரல்

கம்பியில்லா மைக் நடிகருக்கும் பாடகருக்கும் மேடை முழுவதையும் திறந்துவிட்டது. அது சதி செய்யும்போது பழியைச் சுமப்பவர் மைக்செட்காரர்.

மாலை 5 மணி. காலியான அரங்கத்தில் ஒத்திகை நடக்கிறது. கதாநாயகி மேடையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பாடிக்கொண்டே நடக்கிறாள். குரல் கண்ணாடிபோல் தெளிவு. ஒலி அமைப்பாளர் திருப்தியாகத் தேநீர் குடிக்கப் போகிறார். 7 மணிக்கு அரங்கம் நிறைகிறது, திரை உயர்கிறது. இரண்டாவது பாட்டின் சரணத்தில் அவள் வலப்பக்கம் திரும்புகிறாள். 'சர்ர்...' என்று ஓர் இரைச்சல். அப்புறம் மௌனம். உதடுகள் மட்டும் அசைகின்றன. எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் பின்னால் திரும்பி, மிக்ஸருக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டிருக்கும் அந்த மனிதரை முறைக்கின்றன. மும்பையோ டெல்லியோ கொல்கத்தாவோ, பள்ளி ஆண்டு விழாவோ பெரிய சங்கத்தின் நாடகமோ, காட்சி மட்டும் மாறுவதில்லை.

இரண்டு மணி நேரத்தில் என்ன கெட்டுப்போனது? கருவி கெடவில்லை. ரசிகர்கள் வந்தார்கள், அவ்வளவுதான். மனித உடலின் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் வானொலி அலையை விழுங்கும். போதாததற்கு ஆளுக்கு ஒரு செல்போன். மேடையின் பின்புறத்து எல்இடி திரையும் அப்போதுதான் முழு வெளிச்சத்தில் எரியத் தொடங்குகிறது. மலிவான எல்இடி திரைகள் வானொலி இரைச்சலையும் சேர்த்தே கக்குகின்றன. காலி அரங்கத்தில் தேர்வு எழுதி முதல் வகுப்பில் தேறிய மைக், நிறைந்த அரங்கத்தில் தோற்பது இதனால்தான்.

மைக்கிலிருந்து கம்பியை அறுக்கும் முயற்சி புதிதல்ல. அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் மேடைக் கலைஞர்களுக்கென்று 'வேகபாண்ட்' என்ற கம்பியில்லா மைக்கை 1953லேயே விற்றது. டிரான்ஸிஸ்டர்கூட இல்லாமல், குட்டி வால்வுகளால் ஓடிய கருவி அது. ஜெர்மனியின் சென்ஹைசர் 1957ல் களத்தில் இறங்கியது. ஆனால் உலகத்தின் கவனத்தைத் திருப்பியவர் ஒரு பிடிவாதக்கார நடிகர். 1964ல் வெளிவந்த 'மை ஃபேர் லேடி' படத்தில், முன்பே பதிவு செய்த பாட்டுக்கு உதடசைக்க ரெக்ஸ் ஹாரிசன் மறுத்துவிட்டார். அவருடைய கழுத்து டைக்குள் கம்பியில்லா மைக்கை ஒளித்து வைத்து, அவர் பாடப் பாடப் பதிவு செய்தார்கள். அந்தப் படத்தின் ஒலிக்காக ஜார்ஜ் க்ரோவ்ஸ் ஆஸ்கர் வாங்கினார்.

தமிழ் சபா நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சுதந்திரத்தின் அருமை தெரியும். காதலர்கள் கொஞ்சுவதானாலும் வில்லன் கத்தியை ஓங்குவதானாலும் எல்லோரும் முன்னால் நிற்கும் மைக்கைத் தேடி நடந்து வந்துதான் வசனம் பேசியாக வேண்டும். இன்றைய இசை நாடகத்தின் கதை வேறு. ஃபெரோஸ் அப்பாஸ் கான் இயக்கி 2016ல் மும்பையின் தேசிய நிகழ்கலை மையத்தில் அரங்கேறிய 'முகல்-ஏ-ஆஸம்' நாடகத்தில், ஒரு பக்கம் கதக் குழு சுழல, அனார்கலியாக நடிப்பவரே பாடவும் செய்தார். கம்பியை இழுத்துக்கொண்டு இப்படி ஒரு நாடகத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது.

ஆனால் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. கம்பியில்லா மைக் ஒவ்வொன்றும் ஒரு குட்டி வானொலி நிலையம். நடிகரின் இடுப்பில் செருகிய பெட்டியோ, பாடகரின் கையில் இருக்கும் மைக்கோ ஒலிபரப்புகிறது. ஓரத்தில் இருக்கும் ரிசீவர் அதைக் கேட்கிறது. பெரும்பாலான மைக்குகளின் சக்தி 10 முதல் 50 மில்லிவாட்தான். முன்வரிசை ரசிகரின் பையில் இருக்கும் 4ஜி போன் தேவைப்பட்டால் 200 மில்லிவாட்வரை கத்தும். இந்தச் சந்தையில்தான் அந்தக் கிசுகிசுப்பு காதில் விழ வேண்டும்.

எனவே முதல் வேலை, காதைச் சரியான இடத்தில் வைப்பது. ரிசீவரை மேஜைக்கு அடியிலோ ஆம்ப்ளிஃபயர் அடுக்கின் பின்னாலோ தள்ளிவிட்டு, அதன் ஆன்டெனாக்கள் இரும்புச் சட்டத்தில் உரச விடுவது நம் ஊரில் சகஜம். ரிசீவரில் இரண்டு ஆன்டெனாக்கள் இருப்பது அழகுக்காக அல்ல. சுவரிலும் இரும்பிலும் பட்டுத் திரும்பும் அலை, நேராக வரும் அலையோடு மோதி, சில இடங்களில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஓர் ஆன்டெனா அப்படிப்பட்ட குழியில் விழுந்தால் இன்னொன்று காப்பாற்றும். 600 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் அரை மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 12 சென்டிமீட்டருக்கு மேலாவது, இரண்டு ஆன்டெனாக்களும் விலகி இருக்க வேண்டும். அவற்றை 'வி' எழுத்துப்போல் சாய்த்து, தலைகளுக்கு மேலே, நடிகரைத் தடையில்லாமல் 'பார்க்கிற' உயரத்தில் வைப்பது உத்தமம்.

ரிசீவரை அரங்கத்தின் கடைசியில் மிக்ஸர் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது இன்னொரு ஆசை. அப்படி வைத்தால் இடையில் ஆயிரம் தலைகள். ஆன்டெனாவை மட்டும் மேடைக்கு அருகே வைத்து நீளமான ஒயர் இழுத்தாலும் ஆபத்துதான். சாதாரண மெல்லிய கோ-ஆக்ஸியல் ஒயரில் சுமார் 10 மீட்டருக்குள் சிக்னலில் பாதி கரைந்துவிடும். ரிசீவரை மேடை ஓரத்தில் வைத்து, அதிலிருந்து வெளிவரும் ஒலியை மட்டும் சாதாரண மைக் ஒயரில் மிக்ஸருக்குக் கொண்டுபோவது மலிவான, சரியான வழி.

அடுத்தது அலைவரிசை. இங்கேதான் பலர் கணக்கில் கோட்டை விடுகிறார்கள். 600.0, 600.4, 600.8 என்று சம இடைவெளியில் மூன்று மைக்குகளை வைத்தால் ஒழுங்காகத்தானே தெரிகிறது? அதுதான் வம்பு. இரண்டு மைக்குகள் நெருங்கி நின்றால் அவற்றின் அலைகள் கலந்து, இல்லாத அலைகளைப் பிறப்பிக்கும். 600.0வும் 600.4ம் சேர்ந்து பெறும் பிள்ளைகள் 599.6ம் 600.8ம். மூன்றாவது மைக்கின் நாற்காலியில் ஏற்கனவே ஒரு பேய் உட்கார்ந்திருக்கிறது! முக்கியமான பேய்களை மட்டும் எண்ணினால் இரண்டு மைக்குகளுக்கு 2, மூன்றுக்கு 9, எட்டுக்கு 224. ஆகவே இடைவெளிகள் சமமாக இருக்கக் கூடாது. தயாரிப்பாளர்களே இதைக் கணக்குப் போட்டு, ரிசீவரில் 'குரூப்', 'சேனல்' என்று பிரித்துத் தந்திருக்கிறார்கள். எல்லா மைக்குகளும் ஒரே குரூப்பில், வெவ்வேறு சேனல்களில் இருக்க வேண்டும். சம இடைவெளியைத் தாங்கும் உயர்ரக டிஜிட்டல் கருவிகளும் வந்துவிட்டன. வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அவை அல்ல.

சோதிக்கும் முறையும் எளிது. முதலில் சொந்த மைக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எல்இடி திரையையும் விளக்குகளையும் எரியவிட்டு, ரிசீவரைக் காற்றைத் துழாவச் சொல்ல வேண்டும். காலியான இடங்களில் மைக்குகளை உட்கார வைக்க வேண்டும். பிறகு எல்லா மைக்குகளையும் போட்டுவிட்டு, ஒன்றை மட்டும் அணைக்க வேண்டும். அதன் ரிசீவரில் அப்போதும் சிக்னல் விளக்கு எரிந்தால் அங்கே பேய் குடியிருக்கிறது என்று அர்த்தம். அந்த மைக்கை வேறு சேனலுக்கு மாற்றிவிட்டு, அடுத்ததை அணைத்துப் பார்க்க வேண்டும்.

பேய்களைவிடப் பெரிய எதிரி அரசாங்கத்தின் ஏலம். 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி ஒரு காலத்தில் உலகெங்கும் மேடை மைக்குகளின் புகலிடமாக இருந்தது. செல்போன் நிறுவனங்களுக்கும் அதே இடம் தேவைப்பட்டது. அமெரிக்காவில் 2010 ஜூன் 12க்குப் பிறகு அங்கே மைக் பயன்படுத்தத் தடை வந்தது. பிரிட்டனில் 2020 மே மாதத்தோடு கதவு மூடப்பட்டது. அங்கே பழைய கருவிகளை ஒப்படைத்தவர்களுக்கு உதவித் தொகையும் கிடைத்தது. இந்தியாவில் 2016லும் 2021லும் இந்த அலைவரிசை ஏலத்துக்கு வந்தும் சீந்துவாரில்லை. 2022 ஆகஸ்டில் முடிந்த 5ஜி ஏலத்தில் ரிலையன்ஸ் ஜியோ வாங்கியது. 703 முதல் 748வரை போன்கள் பேசும். 758 முதல் 803வரை கோபுரங்கள் பேசும். கடன் வாங்கி அந்தப் பகுதி மைக்குகளை வாங்கிப்போட்ட சிறிய வாடகைக்காரர் அரசிதழ் படிப்பவர் அல்ல. அவருக்குக் கிடைக்கும் முதல் அறிவிப்பு, மேடையில் திடீரென்று கேட்கும் இரைச்சல்தான். 'உன் மைக் சரியில்லை' என்று வாடகையில் பாதியைப் பிடித்துக்கொள்ளும் விழாக் கமிட்டிக்கும் ஏலத்தைப் பற்றித் தெரியாது.

கீழே இறங்கினால் நிம்மதியா? தூர்தர்ஷனின் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்கள் 2022 வாக்கில் பெரும்பாலும் மூடப்பட்டதால் அந்தப் பகுதியில் இடம் பெருகியிருக்கிறது. ஆனால் 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியும் அதே 2022 ஏலத்தில் விற்பனைக்கு வைக்கப்பட்டு, வாங்க ஆளில்லாமல் திரும்பியது. என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. உரிமம் இல்லாமல், குறைந்த சக்தியில் பயன்படுத்த 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் போன்ற பகுதிகள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. இதில் 2.4 என்பது வைஃபையும் புளூடூத்தும் குடியிருக்கும் தெரு. வகுப்பறைக்கும் சிறிய கூட்டத்துக்கும் போதும். ஆயிரம் பேர் கூடும் அரங்கத்தில் அதை நம்புவது சூதாட்டம். புதிதாக வாங்குகிறவர் விலையைக் கேட்கும் முன் எந்த அலைவரிசை, முறையான ஒப்புதல் பெற்ற கருவியா என்று கேட்பது நல்லது.

வானொலி விவகாரம் தீர்ந்தாலும் உடம்பு விவகாரம் பாக்கி. நடனமாடும் நடிகரின் முதல் எதிரி வியர்வை. மைக்கின் கடுகளவு துவாரத்தில் ஒரு சொட்டு அடைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். அதனால் நாடகக்காரர்கள் மைக்கை மார்பிலிருந்து நெற்றியின் முடி ஓரத்துக்கோ கன்னத்துக்கோ மாற்றிவிட்டார்கள். இடுப்புப் பெட்டியை வியர்வையிலிருந்து காக்க எண்ணெய்ப் பூச்சு இல்லாத ஆணுறைக்குள் போடுவது உலகெங்கும் நாடக மேடைகளின் பழைய ரகசியம். மருந்துக் கடையில் மொத்தமாக வாங்கும் உதவியாளர் எதிர்கொள்ளும் பார்வைகள் தனிக் கதை. பெட்டியின் ஆன்டெனா வால் சுருட்டப்படாமல், தோலில் ஒட்டாமல் தொங்க வேண்டும். மடித்துச் செருகினால் பாதி சக்தி இடுப்பிலேயே செத்துவிடும்.

கையில் பிடிக்கும் மைக்கில் குற்றவாளி பெரும்பாலும் பாடகரே. மைக்கின் வலைத் தலையை உள்ளங்கையால் பொத்திக்கொள்வது தொலைக்காட்சி பார்த்துக் கற்ற ஸ்டைல். முன்னால் வரும் ஒலியை மட்டும் கேட்க வடிவமைத்த மைக், பொத்தியதும் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிக்கும். ஸ்பீக்கரின் ஒலியே மீண்டும் உள்ளே புகுந்து 'கூ' என்று ஊளையிடும். அடிப்பகுதியைப் பிடித்தாலும் தொல்லை, பல மைக்குகளில் ஆன்டெனா அங்கேதான். நடுவில் பிடிப்பதே நல்லது. ஒத்திகையில் முணுமுணுத்துவிட்டு மேடையில் முழுக் குரலில் பாடுகிறவர்கள் இன்னொரு ரகம். முணுமுணுப்புக்கு ஏற்பத் திருகி வைத்த மைக், முழுக் குரலில் உடைந்து கரகரக்கும். 'நிகழ்ச்சியில் பாடுவதுபோல் ஒரு வரி பாடுங்கள்' என்று கேட்கும் துணிச்சல் ஒலி அமைப்பாளருக்கு வேண்டும்.

கடைசியாக பேட்டரி. முப்பது ரூபாய் மிச்சம் பிடிக்க நேற்றைய பேட்டரியையே போட்டு மூன்று லட்ச ரூபாய் நிகழ்ச்சியை மூழ்கடித்தால் கணக்கு எப்படி உதைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிய அல்கலைன், அல்லது முழுதாகச் சார்ஜ் செய்த ரீசார்ஜபிள் பேட்டரி. இடைவேளையில் ஒரு பார்வை. மைக்கை அணைக்கும் முன் மிக்ஸரில் அதன் குரலை மூடிவிடுவது. இவை செலவில்லாத ஒழுக்கங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் அலை ஒருநாள் காலை வாரலாம். அனுபவசாலிகள் அதனால்தான் மேடையின் திரை மறைவில், கம்பியோடு கூடிய பழைய மைக் ஒன்றை ஸ்டாண்டில் மாட்டி, மிக்ஸரில் இணைத்து, தயாராக நிறுத்தி வைக்கிறார்கள். கதாநாயகியின் குரல் காற்றில் தொலைந்த அந்த நொடியில் உதவியாளர் ஓடிவந்து அதைக் கையில் கொடுத்தால் பாட்டு அடுத்த வரியில் தொடரும். ரசிகர்கள் கைதட்டுவார்கள். எல்லாத் தலைகளும் மேடையைப் பார்த்தபடியே இருக்கும். பின்வரிசை மனிதருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.