விடுதியில் பிறந்த கல்லூரிகள்

கொல்லிமலையில் மகளிர் கல்லூரி கிடையாது. செம்மேட்டிலோ வாழவந்தி நாட்டிலோ பிளஸ் டூ முடித்த பெண் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி நாமக்கல்லுக்கோ ராசிபுரத்துக்கோ சேலத்துக்கோ வந்தாக வேண்டும். தினமும் மலை ஏறி இறங்கி மூன்றாண்டு படிப்பது நடக்கிற காரியமில்லை. அவளுக்குக் கல்லூரி என்றால் முதலில் விடுதி, பாடமெல்லாம் அப்புறம்தான். சேர்க்கை வேலைகளில் மூழ்கும்போது கல்லூரி ஆசிரியர்களான நாம் மறந்துபோவது இதைத்தான்.

மறக்கக் கூடாதவர்கள் நாம்; நம் மகளிர் கல்லூரிகளின் தொடக்கமே தங்குமிடத்தோடு பிணைந்தது. 1914இல் சென்னைக் கடற்கரையில், அதுவரை ஹோட்டலாக இருந்த கேப்பர் ஹவுஸில், 37 மாணவிகளோடு அரசின் மகளிர் கல்லூரி தொடங்கியது. முதல்வர் டோரதி டி லா ஹே. 1917இல் அதற்கு ராணி மேரி பெயர் வந்தது. 1915இல் எலினார் மெக்டூகல் கீழ்ப்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் 41 பேரோடு பெண்கள் கிறித்தவக் கல்லூரியைத் தொடங்கினார். மறு ஆண்டே அது நுங்கம்பாக்கம் டவ்டன் மாளிகைக்கு மாறியது. இரண்டுமே குடியிருப்பு வீடுகள்போல இருந்த இடங்கள். வெளியூர்ப் பெண்ணை நம்பி அனுப்பப் பெற்றோருக்கு ஒரு கூரை வேண்டியிருந்தது. மெக்டூகல் கல்லூரியோடு உறவு பூண்ட அமெரிக்காவின் மவுன்ட் ஹோலியோக் கல்லூரி, 1837இல் மேரி லயன் தொடங்கியது. கட்டணம் குறைய வேண்டும் என்பதற்காக அங்கே சமையலையும் வீட்டு வேலையையும் தங்கிப் படித்த மாணவிகளே பார்த்தார்கள்.

இதையெல்லாம் பொற்காலமாக்க வேண்டியதில்லை. சென்னையின் அந்த முதல் மாணவிகள் பெரும்பாலும் வசதியோ சாதியோ மிஷன் தொடர்போ வாய்த்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடிப் பெண் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஆனால் பல துறைகளை ஒரே கூரையின் கீழ் படித்து, சாப்பாட்டு மேசையில் வாதாடி வளர்ந்த பழக்கம் வீணாகவில்லை. தலச்சேரியிலிருந்து வந்து ராணி மேரியில் படித்த தாவரவியலாளர் ஈ.கே. ஜானகி அம்மாள், பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்தி, அங்கிருந்து மிச்சிகன் பல்கலைக்கழகம் போய் 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூரில் கரும்பு ஆய்வு செய்தவர். 1955இல் மனிதர்களால் பூமி அடைந்த மாற்றங்களைப் பற்றிப் பிரின்ஸ்டனில் உலக அறிஞர்கள் கூடியபோது அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர்; அங்கே அவர் பேசியது இந்தியாவின் பிழைப்பு வேளாண்மை பற்றி. சாமையும் கேழ்வரகும் விதைத்துப் பழகிய கொல்லிமலைப் பெண்ணுக்கு அந்தப் பொருளில் நம்மைவிட அதிகம் தெரியும். நம் பாடத்திட்டத்தில் அவள் அதைச் சொல்ல எங்கே இடம் வைத்திருக்கிறோம்?

இடம் இருக்கிறது, பெயரளவில். இளநிலைப் பாடத்திட்டத்தின் பகுதி நான்கில் வரும் பிற துறை விருப்பப் பாடம் இதற்காகவே வந்தது. வணிகவியல் மாணவி தாவரவியலும், வரலாற்று மாணவி உணவு அறிவியலும் படிக்க வேண்டும் என்பது நோக்கம். நடைமுறையில் பணிச்சுமைக் கணக்கை நிரப்ப, அந்தந்தத் துறை எளிதான ஒரு தாளைத் தள்ளிவிடுகிறது. ஷிப்ட் முறை உள்ள கல்லூரிகளில் வகுப்பு முடிந்த கையோடு வளாகமே கைமாறுகிறது. உட்கார்ந்து பேச நேரமேது?

விடுதிக்கு வருவோம். 2022 செப்டம்பர் முதல் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் அந்தப் பணத்தால் விடுதியில் ஒரு கட்டில் முளைத்துவிடாது. விடுதிக் காப்பாளர் பொறுப்பை யாரும் விரும்பி ஏற்பதில்லை என்பதும், இளைய ஆசிரியை தலையில் அது விழுகிறது என்பதும் நமக்குத் தெரிந்ததே. அதற்குப் பணிநேரக் குறைப்புத் தராதது நம் ஆட்சிக்குழுக்களின் தவறு.

பாடத்திட்டக் குழுக்களில் அமர்ந்திருக்கும் பேராசிரியர்களுக்கும் முதல்வர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் சேர்க்கையில் மலையிலிருந்து வரும் மாணவிக்குச் சேர்க்கை ஆணையோடு விடுதி ஆணையையும் சேர்த்தே கொடுங்கள். விருப்பப் பாடம் ஒன்றை அவளுடைய ஊரின் பயிர்களையும் மூலிகைகளையும் வைத்து எழுதுங்கள். எழுதிய பாடத்திட்டத்தை எங்களுக்கு அனுப்பினால் இந்த இதழில் வெளியிடுகிறோம்.