வாடைக்கு அடைப்பும் மூச்சுக்கு வழியும்



பிழைப்பின் நிமித்தம் டெல்லிக்கு வந்து குடியேறிய நம்மில் அநேகர், முதலாம் குளிர்காலத்தில்தான் நம்முடைய வாடகை வீட்டின் ஜன்னல்களை உண்மையாகவே உற்றுப் பார்க்கிறோம். சொந்த ஊரில் காற்று வரவேண்டும் என்பதற்காகவே ஜன்னல் வைத்தோம். இங்கோ, ஜனவரி மாதத்து வாடை நிலைச்சட்டத்தின் ஓரமாய் நுழைந்து, பாயில் படுத்திருக்கும் பிள்ளைகளின் காதருகே வந்து நிற்கிறது. சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2006 ஜனவரி 8 அன்று 0.2 பாகையும், 2021 ஜனவரி 1 அன்று 1.1 பாகையும் பதிவாயின. இப்படிப்பட்ட இரவுகளில் ரஜாயின்மேல் ரஜாய் போர்த்தினாலும், அறை மாத்திரம் சூடு பிடிக்கிறதில்லை. ஹீட்டரின் வெப்பம் மேலெழும்பி மேற்புற இடுக்குகளின் வழியாய் வெளியேற, அதற்கு ஈடாகக் குளிர்ந்த காற்று கீழ்ப்புறமாய் உள்ளே இழுக்கப்படுகிறது. மின்கட்டணமோ ஏறிக்கொண்டே போகிறது.

ஆகையால் முதலாவது, காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி, ஜன்னல் ஓரங்களிலும் கதவின் நான்கு பக்கங்களிலும் மெதுவாய்க் கொண்டுபோங்கள். புகை நேராய் எழும்பாமல் சாயும் இடமே காற்றின் வாசல். டெல்லி வீடுகளில் மூன்று இடங்கள் பெரும்பாலும் அகப்படும். மரச் சௌக்கட்டு சுருங்கிச் சுவரைவிட்டு விலகிய இடம் ஒன்று, ஏ.சி. குழாய் சுவரைத் துளைத்துச் செல்லும் ஓட்டை மற்றொன்று. மூன்றாவது, கோடையில் ஜன்னலில் பொருத்தி அப்படியே விட்டுவைத்த கூலர். கூலரின் முகப்பைத் தெர்மோகோல் பலகையால் மூடி டேப் ஒட்டினால் போதும். ஏப்ரலில் அதை மீண்டும் திறக்கவேண்டுமே. அங்கே நிரந்தரமான அடைப்பு வேண்டாம்.

சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவேயுள்ள இடைவெளிக்குத்தான் ஹார்டுவேர் கடைகளில் விற்கப்படும் பி.யு. ஃபோம் என்னும் நுரை ஏற்றது. சில நூறு ரூபாய்க்கு ஒரு டப்பா கிடைக்கும். திறந்து மூடும் பலகைக்கு இதை ஒருபோதும் உபயோகிக்காதீர்கள், கதவு ஒட்டிக்கொண்டுவிடும். அங்கே ஸ்பாஞ்ச் டேப்பும், கதவின் அடியில் ரப்பர் பட்டையும் பொருத்தமானவை. விரல் நுனி நுழையாத மெல்லிய வெடிப்புகளுக்குச் சிலிக்கான் பசையே போதும். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள், ஏனெனில் உறைந்த நுரையைச் சுவரைக் காயப்படுத்தாமல் பெயர்த்தெடுப்பது கடினம்.

இந்த நுரை ஈரத்தினால் இறுகும் தன்மையுடையது. எனவே இடுக்கின் தூசியைத் துடைத்து, சிறிது தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகலில், வெயில் ஏறினபின் செய்வது நலம். கடுங்குளிரில் நுரை சரியாய்ப் பொங்காது. டப்பா குளிர்ந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைக்கலாம். அடுப்பின் அருகே வைத்தால் வெடிக்கும். நன்றாய்க் குலுக்கி, டப்பாவைத் தலைகீழாய்ப் பிடித்து, இடுக்கின் பாதியளவே நிரப்புங்கள். "இவ்வளவுதானா" என்று தோன்றும். சற்றுப் பொறுத்தால் அது பொங்கி வெளியே வரும். அவசரப்பட்டு முழுவதும் நிரப்பியவர்களின் ஜன்னல் சட்டம் வளைந்து, பிறகு தாழ்ப்பாளே விழாமற்போனதை நான் பார்த்திருக்கிறேன். ஜன்னல்களுக்கென்று குறைவாய்ப் பொங்கும் வகையும் உண்டு. கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். மறுநாள் கத்தியால் வழித்துவிட்டு, மேலே பூச்சோ பெயிண்டோ அடித்துவிடவேண்டும். வெயில் பட்டால் நுரை மஞ்சளாகி உதிரும்.

கையுறை அவசியம். விரலில் பட்டால் உடனே உலர்ந்த துணியால் துடைத்து அசிட்டோனால் போக்கலாம். நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் இருப்பதும் பெரும்பாலும் அதுவே. நம்முடைய வீடுகளில் அது இராது. பெயிண்ட் கடையில் கேளுங்கள். இறுகிப்போனபின் எதற்கும் அசையாது. தோலோடு தேய்ந்து போக நாட்கள் ஆகும். டப்பாவிலுள்ள உந்துவாயு எளிதில் தீப்பற்றும். ஆதலால் கொசுவர்த்தியை அணைத்து, அடுப்பையும் ஹீட்டரையும் நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவைத்தே வேலையைத் தொடங்குங்கள். இதன் ஆவி மூச்சுக்குழாய்க்கு ஆகாது. ஆஸ்துமா உள்ளவர்களையும் குழந்தைகளையும் அன்று உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இறுகின நுரையும் தீப்பற்றுமாகையால் அடுப்புக்கும் ஹீட்டருக்கும் அருகே அது வேண்டாம்.

இம்மட்டும் வாசித்தவர்கள், "சரி, இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து எல்லா இடுக்குகளையும் அடைத்துவிடலாம்" என்று எழும்பியிருப்பீர்கள். சற்றே உட்காருங்கள். நான் எழுத நினைத்த காரியம் இனிமேல்தான் வருகிறது.

நாங்கள் டெல்லிக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார் குளிர் தாங்காமல் நடுங்கினார்கள். நான் அங்கீட்டி என்னும் கணப்புச் சட்டியில் கரியைக் கனலாக்கி அறைக்குள் வைத்தேன். சூடு போய்விடக்கூடாதென்று கதவின் அடியில் பழைய சேலையைத் திணித்தேன். பின்னிரவில் இளைய மகன் எழும்பி வாந்தியெடுத்தான். விளக்கைப் போட எழுந்த என் கால்கள் எனக்குக் கீழ்ப்படியவில்லை. தவழ்ந்துபோய்க் கதவைத் திறந்தேன். கர்த்தருடைய கிருபையால் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் நேரிடவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் காற்று நுழைய ஆயிரம் இடுக்குகள் இருந்தன. நான் நுரை அடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். 2024 ஜனவரியில் டெல்லியின் அலிப்பூர் பகுதியில் ஒரே குடும்பத்தார் நால்வர் இப்படியே மூடிய அறையில் கணப்புச் சட்டியோடு உறங்கி மரித்தார்கள்.

எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. புகை அடங்கிச் சிவந்த கனலாய் இருக்கும்போது ஆபத்து நீங்கிற்று என்று எண்ணுகிறோம். அந்தக் கனலும் அதைக் கக்கிக்கொண்டேயிருக்கிறது. பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கும் அதிகமான பற்றோடு அது இரத்தத்தில் ஒட்டிக்கொள்வதால், உறங்குகிறவன் உறக்கத்திலேயே மூச்சுக்கு வழியில்லாமல் போகிறான். ஆகையால் இடுக்குகளை அடைத்த வீட்டில் கணப்புச் சட்டி நுழையவே கூடாது. இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்குச் சூடு வேண்டுமானால் வெந்நீர்ப் பையும் மின் ஹீட்டரும் இருக்கின்றன.

குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் அந்த வென்டிலேட்டரை அடைக்காதீர்கள். அதுவும் அதே வாயுவைப் பிறப்பிக்கக்கூடியது. சிலிண்டர் வைத்திருக்கும் சமையலறையில் தரையோரத்துக் காற்றுத் துளையையும் தொடவேண்டாம். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அது தரையில்தான் தேங்கி நிற்கும், அது வெளியேற அந்தத் துளையே வழி. நோவாவின் பேழைக்குக் கீல் பூசினவர்களும் அதற்கு ஜன்னல் வைக்க மறக்கவில்லை என்பதை நாம் அறிந்திருக்கிறோம். வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு இருபது பேர் ஓர் அறையில் கூடும்போதும் ஒரு ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்துவையுங்கள். பிரசங்க நேரத்தில் தூங்கி விழுகிறவர்களில் சிலர் அடைபட்ட காற்றினாலேயே தூங்குகிறார்கள்.

ஒரே இரவில் வீட்டிலுள்ள பலருக்கும் தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் கண்டால் சாப்பாட்டைக் குறைசொல்லிக் காலந்தாழ்த்தாதீர்கள். கதவைத் திறந்து எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 112 எண்ணை அழையுங்கள். கோவிட் காலத்தில் வாங்கின விரல் கருவியை மாட்டிப் பார்த்து, அளவு 98 என்று காட்டுகிறதே என்று ஆறுதலடைய வேண்டாம். இந்த வாயு ஏறின இரத்தத்தையும் அது நல்ல இரத்தமாகவே காட்டும். மருத்துவமனைக்குப் போனவுடன், அறைக்குள் கரி எரிந்தது அல்லது கீசர் எரிந்தது என்பதையே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.