கைக்கு வந்த பொறி நாவுக்கு வரவில்லையா?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே திருவரங்கம். ஆற்றின் தென்பால் பொன்மலை. ஒன்று கோயிலால் பெயர் பெற்றது. மற்றொன்று இரும்பால் பெயர் பெற்றது. நாகப்பட்டினத்திலிருந்த தொடர்வண்டிப் பணிமனை 1928-ஆம் ஆண்டளவில் பொன்மலைக்குப் பெயர்ந்தது. அன்று தொட்டுத் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் அங்கே இரும்பை வார்த்தும் கடைந்தும் வந்துள்ளனர்.

நீலமலைத் தொடர்வண்டியை அறியாதார் யார்? கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை, சில இடங்களில் ஏறத்தாழப் பன்னிரண்டடிக்கு ஓரடி உயரும் அவ்வழியில், பற்சட்டத்தைக் கவ்வி ஏறும் நீராவிப் பொறிவண்டிகளைச் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் ஆலை 1952 வரை செய்தளித்தது. 2011-இல் எண்ணெயெரிக்கும் புதுப் பொறிவண்டியைப் பொன்மலையே செய்தது. 2021-இல் நிலக்கரி எரிப்பதையும் செய்தது. இரண்டு உருளைகளில் உழைத்த நீராவியை வறிதே போக்காது, ஏற்றத்தில் மற்றிரண்டு உருளைகளுக்குச் செலுத்திப் பல்லாழியைச் சுழற்றும் நுண்ணமைப்பு அது.

இத்துணை அருஞ்செயல் நிகழும் ஊரில், திருவரங்கத்துச் சிறுவன் ஒருவன் உள்ளங்கையளவு நிலைநீராவிப் பொறியொன்றைத் தானே செய்ய விழைந்தால், அவன் கையில் கொடுக்கத் தமிழில் நூலுண்டா? இங்கிலாந்தில் இத்தகைய சிறுபொறி செய்வார்க்கென்றே 1898-இல் தனியிதழ் தொடங்கப்பெற்றது. ஈண்டோ, பொறியென்றால் ஆங்கிலம் என்று பள்ளியிலேயே பழக்கிவிடுகின்றனர்.

சொல் இல்லை என்பர். கட்டிற்கால் கடைந்த தச்சன் தந்த 'கடைசல்' இருக்க, 'லேத்து' எதற்கு? வணர்தல் வளைதலாதலின், வளைந்த தண்டு வணரித்தண்டு. கொதிகலனுக்குள் நீரைப் புகவிட்டுத் திரும்பவிடாத அடைப்புக்கு 'வால்வு' என்பது வெற்றொலி. 'ஓரதர்' என்றால் ஒருவழி என்னும் பொருள் செவியிலேயே விளங்கும். புதுச்சொல் வழங்காது என்பாரும் உளர். 'கொதிகலன்' ஒருகாலத்துப் புதுச்சொல்லே. திருவெறும்பூர் ஆலையால் இன்று திருச்சிராப்பள்ளியில் அது தெருச்சொல்.

தமிழில் படித்தால் வேலை கிடைக்குமா என்னும் பெற்றோர் கேள்வியை எள்ளலாகாது; அவர்தம் அச்சம் உண்மையானது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது. தமிழ்வழிக் கற்றோர்க்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் அவ்வாண்டே வந்தது. ஆயின் பொன்மலைப் பணிமனையும் திருவெறும்பூர்க் கொதிகலன் ஆலையும் நடுவணரசின் கையில். அவற்றின் வாயிலில் அச்சட்டம் செல்லாது. தமிழ் மண்ணில், தமிழர் வியர்வையில் வளர்ந்த ஆலைக்குள் தமிழ்வழிக் கற்றவனுக்குத் தனியிடமில்லை! குறை தமிழினதா, ஆட்சியினதா?

செய்யத்தக்கன இரண்டு. நடுவணரசு ஆலைகளிலும் தமிழ்வழி முன்னுரிமை வேண்டுமென்று தமிழர் ஒருமுகமாய்க் கேட்டல் வேண்டும். அதுவரை வாளாவிருத்தலும் ஆகாது. மேனிலைப் பள்ளிதோறும் ஒரு சிறு கடைசற்பொறி, ஒரு சிறு நீராவிப் பொறி, அவற்றை விளக்கும் ஒரு தமிழ்நூல் வேண்டும். ஓய்வுபெற்ற பொன்மலைத் தொழிலாளர் கைத்திறம் கற்பிக்கட்டும். தமிழாசிரியர் அருகிருந்து சொல் தரட்டும். அத்தொழிலாளர் மறையுமுன் இது நிகழவேண்டும். ஏட்டில் ஏறாத கைத்திறம் அவரோடு எரிந்துபோம்.

கை தமிழனுடையது. அக்கை செய்வதைச் சொல்லும் நாவும் தமிழாகுக!