அந்த ஆய்வின் மறுபாதியையும் சொல்லுங்கள்

நெஞ்சு லேசாக வலித்து வலித்துப் போனால் பயப்பட வேண்டாமாம், இதயம் பழகிக்கொள்கிறதாம், உள்ளே மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் பெருகிக் காவல் நிற்குமாம், வீட்டில் பி.பி. பட்டையைக் கையில் இறுக்கித் தளர்த்தினால் போதுமாம். களியக்காவிளையில் ஆரோக்கியக் கூட்டம் ஒன்றில் ஒருவர் பேசிய இந்தப் பேச்சு சந்தைவரை கைபேசிகளில் சுற்றுகிறது. அறிவியல் பெயர்கள் கலந்திருப்பதால் படித்தவர்களும் நம்புகிறார்கள். இது ஆளைக் கொல்லும் பேச்சு.

அவர் சாட்சிக்கு அழைப்பது 1986இல் டியூக் பல்கலைக்கழகத்தில் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் மூவரும் நாய்களிடம் செய்த ஆய்வை. இதயத் தமனியை ஐந்து நிமிடம் அடைப்பதும் திறப்பதுமாக நான்கு முறை செய்தார்கள். பிறகு 40 நிமிடம் அடைத்தபோது, இப்படிப் பழக்கிய நாய்களில் செத்த தசை மற்றவற்றில் செத்ததில் கால்பங்குதான். உண்மை. ஆனால் அடைப்பை மூன்று மணி நேரம் நீட்டியபோது அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போனது என்றும் அதே கட்டுரை சொல்கிறதே, அதை ஏன் மறைத்தார்? முன்பழக்கம் தசையின் சாவைத் தள்ளிப்போடும், தடுக்காது. கிடைத்த அவகாசத்துக்குள் குழாயைத் திறந்தால்தான் பயன். வீட்டில் பொறுத்திருக்கச் சொல்ல இந்த ஆய்வில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்து மைக்ரோ ஆர்.என்.ஏ. சுமார் 22 எழுத்து நீளமுள்ள இந்தச் சிறு துணுக்குகள், புரதம் தயாரிக்கும் உத்தரவை இடையிலேயே நிறுத்துபவை. 2009இல் சுண்டெலிகளின் இதயத்தை முன்பழக்கியபோது மிர்-1, மிர்-21, மிர்-24 ஆகியவை கூடின. அவற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தியபோது சேதம் குறைந்தது. அழகான ஆய்வு. ஆனால் அதே மிர்-1 அளவுக்கு மிஞ்சினால் எலிகளின் இதயத்துடிப்பு தாறுமாறாகும் என்று 2007இலேயே காட்டிவிட்டார்கள். மிர்-199ஏ என்பதோ கூடக் கூடாது. ஆக்ஸிஜன் குறையும்போது அது இறங்கினால்தான் செல்லைக் காக்கும் புரதங்கள் எழும்ப முடியும். சில கூட வேண்டும், சில குறைய வேண்டும். மொத்தமாக 'பெருகிக் காக்கும்' என்பவருக்கு இந்தத் துறையின் அரிச்சுவடியே தெரியவில்லை. 2024 நோபல் பரிசையும் துணைக்கு இழுக்கிறார். அம்ப்ரோஸும் ரவ்குனும் பரிசு பெற்றது ஒரு சிறு புழுவில் இந்த மூலக்கூறைக் கண்டுபிடித்ததற்காக, நெஞ்சுவலி சிகிச்சைக்காக அல்ல.

கைப்பட்டை வித்தையையும் மனிதரிடம் சோதித்தாகிவிட்டது. 2019இல் லான்செட்டில் வெளியான ஆய்வில், மாரடைப்போடு வந்த 5,400 பேரில் பாதிப்பேருக்கு அடைப்பை நீக்கும் முன் பட்டை இறுக்கிப் பார்த்தார்கள். ஓராண்டில் இதய மரணமோ இதயச் செயலிழப்போ குறையவில்லை.

மாரடைப்புக்கு முந்தின நாள் வலி வந்தவர்களுக்குச் சேதம் குறைவு என்று சில ஆய்வுகள் சொல்வதை மறுக்கவில்லை. அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தக்கட்டியைக் கரைக்க மருந்து பெற்றவர்கள். வீட்டில் காத்திருந்தவர்கள் அல்ல. புதிதாகத் தொடங்கி, வந்து வந்து போகும் வலி, தமனிக்குள் கொழுப்புத் திட்டு வெடித்து ரத்தம் உறையத் தொடங்கியதன் அறிகுறியாக இருக்கலாம்.

நம் ஊரிலிருந்து திருவனந்தபுரமும் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜும் சுமார் முப்பது கிலோமீட்டர். பாலராமபுரம் நெரிசலில் ஆம்புலன்ஸ் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நிமிடத்தின் விலை தெரியும். சிறு ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்த தமிழ்நாட்டு மாரடைப்புத் திட்டத்தில் ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆக இறங்கியது. 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8 என்று 14 மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள். பேச்சாளர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

விடியலில் ரப்பர் வெட்டப் போகிறவரே, மீன் கூடை சுமக்கும் அக்கா, நெஞ்சு இறுகினால், வலி கைக்கோ தாடைக்கோ இறங்கினால், வியர்த்தால், வாயு என்று சோடா குடித்து உட்காராதீர்கள். 108ஐ அழையுங்கள், உடனே ஈ.சி.ஜி. எடுங்கள். அந்த ஒலிப்பதிவு உங்கள் கைபேசியில் இருந்தால் அழித்துவிடுங்கள். பேசியவர் அதே மேடையில் ஏறி அதைத் திரும்பப் பெற வேண்டும்.