வளைந்த கம்பி வாங்கினால் வலு வந்துவிடுமா?

"ஸ்விஸ் பார், கேம்பர்ட் பார் இல்லாமல் ஜவ்வாது மலைப் பையன்கள் பெஞ்ச் பிரஸ்ஸில் ஒரு கட்டத்துக்கு மேல் போக முடியாது" என்கிறார் நண்பர். போட்டியில் கையில் தருவது எந்தக் கம்பி? நேர் கம்பிதானே! சர்வதேச பவர்லிஃப்டிங் விதிப்படி ஆள்காட்டி விரல்களுக்கு இடையே 81 செ.மீ.க்கு மேல் அகட்டிப் பிடிக்கக் கூடாது. கம்பி நெஞ்சில் அசையாமல் நிற்க வேண்டும். நடுவர் 'பிரஸ்' என்ற பிறகே தள்ளலாம். நெஞ்சில் துள்ளவிட்டே பழகியவன் அந்த ஒரு நொடியில் மாட்டிக்கொள்வான். அதை எந்த வளைவும் கற்றுத் தராது.

தோள் வலிக்காரருக்கு, உள்ளங்கைகள் எதிரெதிரே பார்க்கும் ஸ்விஸ் பார் இதம்தான், மறுக்கவில்லை. நடுவில் வளைந்த கேம்பர்ட் பார் கையை நெஞ்சுக்கும் கீழே இறக்கும்; தோள் தாங்கினால் லாபம், இல்லையென்றால் வைத்தியச் செலவு. இரண்டும் தொடுகறி, சோறு அல்ல.

2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம், பக்கத்து வேலூர் சத்துவாச்சாரிக்காரர். (அது பளுதூக்கல், வேறு விளையாட்டு, தெரியும்.) அவர் தூக்கியதும் நேர் கம்பிதான்.

ஜவ்வாது மலையில் உள்ள ஜமுனாமரத்தூருக்கு உறுதியான ஒரு பெஞ்ச், ஒரு நேர் கம்பி, போதுமான பிளேட்டுகள், தலைமாட்டில் நின்று பிடிக்கத் தெரிந்த ஒரு ஆள்: முதலில் இவற்றை அனுப்புங்கள் ஐயா.